மட்டக்களப்பில் ஆறுதலாக நடக்க: புளியந்தீவிலிருந்து தாந்தாமலை வரை

லீவுக்கு ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் வந்து இரண்டு நாள் சாப்பிட்டுப் படுத்த பிறகு மூன்றாம் நாள் கேட்பது ஒரே கேள்விதான்: "இங்க நடந்து பார்க்க என்ன இருக்கு?" கொழும்பிலிருந்து வந்த மாமிக்கு மூட்டு வலி, அவவின் மகனுக்கோ மலை ஏறியே ஆக வேண்டும். இரண்டு பேரையும் ஒரே கிழமையில் சமாளித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மட்டக்களப்பு தட்டையான ஊர். நகருக்குள் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல பாலத்தைத் தவிர ஒன்றுமில்லை, தூரங்களும் பெரிதில்லை. ஆளைச் சாய்ப்பது வெயில்தான். காலை ஆறு மணிக்கு காற்று வாங்கிக்கொண்டு போன அதே வீதி பத்தரைக்கு அடுப்பங்கரை. அதனால் ஒவ்வொரு பாதைக்கும் நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன், நேரத்தை மாற்றிப் போய்விட்டு பாதையைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஆட்கள் வாவிக்குக் கிழக்கே உள்ள கரையை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் சொல்வது சும்மா இல்லை, சூரியன் எங்கே எழும்பி எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் இந்த ஊரே அமைந்திருக்கிறது. காலையில் கடல் பக்கம், மாலையில் வாவி பக்கம். இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி, வெள்ளம் வந்தால் படுவான்கரைக்குப் போகிற சில வீதிகளே காணாமல் போகும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று சூடாக அடித்து உதட்டைக் காயவைக்கும். மாசி, பங்குனி நடக்கத் தோதான காலம்.

சரி, புளியந்தீவு. மூட்டு வலிக்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதுதான் தோது. மட்டக்களப்பின் பழைய நகரம் உண்மையிலேயே ஒரு சின்னத் தீவு, பாலங்களால்தான் மற்ற ஊரோடு ஒட்டியிருக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்குப் பக்கமாகக் கோட்டையில் தொடங்குங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் முதலில் பிடித்த கோட்டை இது. பிறகு 1795இல் ஆங்கிலேயர். நாலு மூலைக் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. காலியில் உள்ளதைப் போல உள்ளே ஒரு ஊரையே எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது சின்னது, அதுவும் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நடந்த இடம், ஆகவே எங்கள் அப்பாமாருக்கு இது பீரங்கி ஞாபகத்தைவிட கையெழுத்துக்காக வரிசையில் நின்ற ஞாபகத்தைத்தான் தரும். உள்ளே போக வேண்டுமென்றால் வேலை நாளில், வெளிச்சம் இருக்கும்போதே போய் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். மதிலை ஒட்டி நின்று வாவியைப் பார்த்தால் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும், எந்தப் பக்கமிருந்து தோணி வந்தாலும் தெரியும்.

அங்கிருந்து வெளியே வந்து தீவுக்குள் சும்மா சுற்றுங்கள், பாதை தவற வழியே இல்லை, எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் தண்ணீரில்தான் போய் முட்டுவீர்கள். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, மரியாள் பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார் எல்லாம் இந்தச் சின்ன நிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. மெதடிஸ்த கல்லூரியைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இங்கே வந்து அடுத்த வருடமே இங்கேயே இறந்துபோனார். அவருக்கு வாவிக்கரையில் சிலை இருக்கிறது, பக்கத்திலேயே காந்தி பூங்கா. நடையை அங்கே முடியுங்கள். கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு வெளிச்சம் மங்கும் வரை இருக்கலாம். மாமிக்கு இவ்வளவுமே போதும் என்றாகிவிட்டது, அடுத்த நாளும் அங்கேதான் போவேன் என்று நின்றா.

கல்லடிப் பாதை காலைக்கு. ஐந்தரைக்கே பழைய கல்லடிப் பாலத்தின் நகரப் பக்கத்தில் நில்லுங்கள். 1924இல் கட்டியது, ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரில் லேடி மன்னிங் பாலம் என்று கடதாசியில் இருக்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அங்கே போய்விட்டன, பழைய பாலம் நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் மிஞ்சியது. நடுப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். இரும்புக் கம்பியில் கை வைத்தால் பனியில் நனைந்து சில்லென்றிருக்கும், கீழே ஒருவர் தோணியில் குந்தியிருந்து வலையை ஒரு முழம் இழுப்பதும் மீனை எடுத்து வாளியில் போடுவதும் மறுபடி ஒரு முழம் இழுப்பதுமாக இருப்பார், அவசரமே இருக்காது.

பாடும் மீனைப் பற்றிக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பௌர்ணமி இரவுகளில் வாவித் தண்ணீருக்கு அடியிலிருந்து மீன் பாடுவது போல ஒரு சத்தம் வரும் என்பது ஊர்ப் பேச்சு. பாலத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் புதுப் பாலத்து லொறிதான் கேட்கும். கேட்க வேண்டுமென்றால் இரவில் தோணி பிடித்து, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். நான் ஒருமுறை வைத்தேன், ஏதோ கேட்டது. அது மீனா, என் காதா என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பாலம் தாண்டினால் கல்லடி உப்போடை. சிவானந்தா பாடசாலைப் பக்கம் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. கிழக்கில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர், 1947இல் காலமானார். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். அங்கிருந்து கடற்கரைக்கு நேராக இறங்கிவிடலாம். பாலத்தில் தொடங்கி கடல் வரை, நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் வரும். கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம், 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது சாய்ந்தது. அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு செல்பி எடுக்காமல் இருந்தால் நல்லது, அந்தக் கரையில் ஆட்களை இழக்காத வீடு குறைவு. குளிக்கவும் இறங்க வேண்டாம், பார்க்க அமைதியாக இருந்தாலும் கடல் இழுக்கும். காலை நனைத்துவிட்டு, எட்டு மணிக்குள் திரும்பி, பாலத்தடிக் கடையில் பிளேன்டீயும் சூடான வடையும்.

வெளிச்சவீட்டுப் பாதை இன்னொரு மாலைக்கு. பாலமீன்மடு வரை ஓட்டோவில் போய், அங்கிருந்து வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் மட்டும் நடந்தால் போதும், நகரிலிருந்தே நடக்கிறேன் என்று வீம்பு பிடித்தால் வழியெல்லாம் நிழல் இல்லை. வெளிச்சவீடு 1913இல் கட்டியது. சுற்றிக் கண்டல் மரங்கள், ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் மணல். மாரியில் வாவி நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வரத் தொடங்கினால் இந்த மணலை வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள், "முகத்துவாரம் வெட்டியாச்சாம்" என்பது எங்கள் ஊரில் நல்ல செய்தி. அந்த நேரத்தில் மட்டும் அங்கே போய் ஓரத்தில் நிற்காதீர்கள், மணல் அப்படியே சரியும்.

இனி மலை. மட்டக்களப்பு ஆள் மலை என்று சொன்னால் நுவரெலியாவை நினைக்கக் கூடாது, வயலுக்கும் காட்டுக்கும் நடுவே தனியாக எழும்பி நிற்கிற கருங்கல் பாறைகள்தான். தலையில் முருகன் இருப்பார். எளிதாக ஏற எனக்குத் தெரிந்த மட்டில் தாந்தாமலைதான் முதலிடம், சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள். மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, கொக்கட்டிச்சோலை வழியாகப் போக வேண்டும். 2014இல் அந்தப் பாலம் வரும் வரைக்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்றது இன்னும் ஞாபகம். போகிற வழியில் தான்தோன்றீச்சரர் கோயிலில் இறங்கிக் கும்பிடலாம், போர்த்துக்கேயர் முன்னால் கல் நந்தி புல்லுத் தின்ற கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஏற்றம் குட்டையானது, பாறையிலேயே படி வெட்டியிருக்கிறது, பத்து வயதுப் பிள்ளை ஓடி ஏறும். ஆனால் மேலே கோயில் இருப்பதால் செருப்பை அடிவாரத்திலேயே கழற்ற வேண்டும், நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். வழியில் தயிர் வாங்குகிறேன், கோயிலைப் பார்க்கிறேன் என்று மச்சானோடு இழுபட்டு, ஏறத் தொடங்கும்போது பதினொரு மணி. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாறை தோசைக்கல். நிழல் விழுந்த இடமாகப் பார்த்து ஒரு எட்டு, அடுத்த நிழல் வரை குதித்து இன்னொரு எட்டு, கடைசியில் சேர்ட்டைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் நின்றேன். கீழே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மகன், முருகன் காலைல ஆறு மணிக்கே எழும்பிருவாரு, நீங்கதான் பிந்திட்டீங்க" என்றா. ஆகவே ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள், எட்டரைக்கு இறங்கிவிடுங்கள். பழைய மேஸ் (காலுறை) ஒரு சோடி பையில் வைத்திருங்கள், இறங்கும்போது கோயில் வாசலைத் தாண்டியதும் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காதீர்கள், குரங்குகள் சிப் திறக்கப் பழகிவிட்டன.

யானை விஷயத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். படுவான்கரையில் வயல் காவலுக்குப் பரணில் படுக்கிறவர்கள் யானை வெடியோடுதான் படுக்கிறார்கள். விடிய முன்னும் பொழுதுபட்ட பிறகும் அந்த கிரவல் வீதிகளில் நடக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம். வழியில் சூடான சாணியும் முறிந்த கிளையும் கண்டால் முன்னால் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் திரும்புங்கள். ஆடித் திருவிழாக் காலத்தில் சனம் நிறைய, பஸ்ஸும் அதிகம் ஓடும், முதல் முறை போகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. தனிமை வேண்டுமென்றால் வேறு மாதத்தில் உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள்.

குடும்பிமலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், குடுமி முடிந்த தலை போல இருக்கும். பெருமைக்காக ஏற ஆசைப்படுவார்கள், ஆனால் இது எளிய நடை இல்லை, காட்டுப் பாதை, வழி தெரிந்த ஆள் இல்லாமல் வேண்டாம். அம்பாறைப் பக்கம் இராஜகல மலையில் பழைய பௌத்த மடாலய இடிபாடுகள், மகிந்த தேரரின் பெயர் பொறித்த பிராமிக் கல்வெட்டு எல்லாம் இருக்கின்றன, பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ஏறி இறங்க அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல்.

மனம் நிறைய நடக்க வேண்டுமென்றால் உகந்தை. பொத்துவில், பாணமை தாண்டிப் போக வேண்டும், மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆகவே ஒரு இரவு தங்கும் நினைப்போடு போங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் காட்டுக்குள் இறங்குவது இங்கிருந்துதான். முருகன் அடியில், வள்ளியம்மன் மலையில், பாறைக் குழிகளில் சுனைத் தண்ணீர், மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் குமணக் காடு. ஏற்றம் கொஞ்சம்தான், பாறை வழுக்கும், மழை நாளில் வேண்டாம்.

பொதுவாக, தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், கோயில் என்றால் முழங்கால் மூடும் உடுப்பு. படுவான்கரைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கும்போதே நடத்துனரிடம் கடைசி பஸ் எத்தனைக்கு என்று கேட்டுவிடுங்கள், அவர் சொல்கிற நேரத்துக்கு அரை மணி முன்னால் சந்தியில் நில்லுங்கள். எருமைத் தயிரைத் திரும்பி வரும்போது வாங்குங்கள், போகும்போது வேண்டாம். சட்டியை பஸ் தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மண்முனைக்கு முன்னால் வருகிற பள்ளங்களில் என் காற்சட்டைக்கு நடந்தது உங்களுடையதற்கும் நடக்கும்.