ஓடுகிற நோடைப் பிடித்த கதை

நகரும் நோடுகளின் (ரேடியோவில் பேசும் சின்னக் கருவிகள்) இருப்பிடத்தை, சிக்னல் வலிமையை வைத்து மூன்று ஆங்கர்களிலிருந்து (இருக்கும் இடம் ஏற்கெனவே தெரிந்த நோடுகள்) கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். நோடு நின்றால் சரியாக வரும், நகர்ந்தால் திரையில் புள்ளி தவளை மாதிரி தாவும். இரைச்சல்தான் காரணம் என்று நினைத்து ஒவ்வொரு ஆங்கருக்கும் 10 அளவீடுகளின் சராசரி எடுத்தேன், இன்னும் மோசம். லாகைத் திறந்து நேரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: நொடிக்கு ஒரு பீக்கன் (அளவீட்டுக்கான சிக்னல்), 10 சேர 10 நொடி, அதற்குள் நொடிக்கு 1 மீட்டர் போகிற நோடு 10 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அது எப்போதோ இருந்த இடத்தை இப்போதைய இடம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

சராசரியைத் தூக்கிவிட்டு, 2004இல் ஹூவும் எவன்ஸும் வெளியிட்ட மான்டி கார்லோ முறைக்கு, அதாவது தற்செயலாகத் தூவிய புள்ளிகளை வைத்து இடத்தை ஊகிக்கிற முறைக்கு, மாறினேன். முந்தைய இடத்தைச் சுற்றி, அதிகபட்ச வேகத்துக்குள் அடங்குகிற மாதிரி நோடு இப்போது இருக்கக்கூடிய இடங்களாக 50 புள்ளிகளைத் தூவ வேண்டும், இப்போது கேட்கிற ஆங்கரின் ரேடியோ எல்லைக்கு வெளியே விழுந்தவற்றைக் கழித்துவிட்டு, குறைந்ததற்குத் திரும்பத் தூவ வேண்டும். தூரமே அளக்கத் தேவையில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம் ஒரு சறுக்கல். அதிகபட்ச வேகத்தை அந்த 1 மீட்டராகவே வைத்திருந்தேன், நோடு கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. 2 ஆக்கினேன். புள்ளிகள் சற்றுப் பரவலாகத்தான் விழுகின்றன, ஆனால் தாவல் நின்றுவிட்டது. அப்படியும் எல்லாம் காலியானால் ஆங்கரின் வட்டத்துக்குள் புதிதாகத் தூவும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.