சிறு மில்லில் ரவுட்டரை வேக ஸ்பிண்டிலாகப் பொருத்துதல்

சீக் எக்ஸ்2 போன்ற சிறு மில்லின் (உலோகம் வெட்டும் மில்லிங் இயந்திரம்) ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு அதிகபட்சம் 2500 சுற்று. 3 மி.மீ. எண்ட் மில் என்ற கட்டருக்கு அது நிமிடத்துக்கு 24 மீட்டர் வெட்டுவேகம்தான். அலுமினியத்தில் கார்பைடு கட்டருக்குப் போதாது. மரவேலைக்கான கைக்கருவியான மக்கிட்டா ஆர்டி0700 ரவுட்டர் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 வரை சுற்றும்.

அதன் உடல் விட்டம் சுமார் 65 மி.மீ.; வெர்னியரால் அளந்துவிட்டுத் துளையிடுங்கள். 20 மி.மீ. அலுமினியத் தகட்டில் 0.1 மி.மீ. இடைவெளி விட்டு போர் செய்து (துளையைத் துல்லியமாகக் குடைந்து), ஒரு பக்கம் 2 மி.மீ. பிளந்து, எம்6 போல்ட் ஒன்றால் இறுக்குங்கள். ரவுட்டர் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். மீறினால் உடல் நெளிந்து பேரிங் சூடாகும். தகட்டை மில் தலையின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டால் பிடித்து, மில்லின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ரவுட்டர் மில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கும் நேர்த்தன்மைதான் முக்கியம். ரவுட்டர் பிளக்கையும் கழற்றி, கோலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) டயல் இண்டிகேட்டர் என்ற அளவுமானியைப் பிடித்து, அதன் முனை மேசையைத் தொடும்படி கையால் 100 மி.மீ. வட்டத்தில் சுற்றுங்கள். வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் வரும்வரை தகட்டின் பின்னால் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள்.

வெட்டும் பொருளைக் கையால் ஊட்டும்போதுதான் (கட்டரை நோக்கித் தள்ளும்போதுதான்) பலர் தவறுகிறார்கள். ஒற்றைப் பல் கட்டர், 10,000 சுற்று, பல்லுக்கு 0.02 மி.மீ. என்றாலே நிமிடத்துக்கு 200 மி.மீ. தள்ள வேண்டும். மெதுவாகத் தள்ளினால் கட்டர் வெட்டாமல் தேய்க்கும், அலுமினியம் உருகி ஒட்டும். ஆழம் 0.3 மி.மீ. போதும். கூலண்ட் ஊற்றவே கூடாது. மோட்டாருக்குள் போனால் ஷாக் அடிக்கும்.