ஷேப்ஃபைலை ஏற்றாமலேயே போஸ்ட்கிரெஸுக்குள் படிப்பது எப்படி?

வரைபடத் தரவைத் தாங்கிய ஷேப்ஃபைல் கையில் கிடைத்ததும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றிவிடுவதுதான் பலருக்கும் பழக்கம். மூலக் கோப்பு மாறினால் மறுபடி ஏற்ற வேண்டும், அப்புறம் எந்த டேபிள் புதுசு எது பழசு என்று தலைவலி. கோப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நேராக செலக்ட் போட, பால் ராம்சே எழுதிய ஓஜிஆர் எஃப்டிடபிள்யூ (ogr_fdw) என்ற போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஜிடால் (GDAL) என்ற புவியியல் தரவு நூலகத்துக்குப் படிக்கத் தெரிந்த வெக்டர் (புள்ளி, கோடு, பரப்பு) வடிவங்களை எல்லாம் இது டேபிளாகக் காட்டும்: ஜியோஜேசன், ஜியோபேக்கேஜ், டபிள்யூஎஃப்எஸ் எல்லாம் அதில் அடக்கம்.

போஸ்ட்கிரெஸ், அதற்கு வரைபடத் தரவைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். பயிற்சிக்கு நேச்சுரல் எர்த் தளத்தில் நாடுகளின் எல்லைக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். உபுண்டுவில் உங்கள் போஸ்ட்கிரெஸ் பதிப்பு எண்ணுக்கான ஓஜிஆர் எஃப்டிடபிள்யூ பேக்கேஜை நிறுவி, கிரியேட் எக்ஸ்டென்ஷன் கொடுங்கள். அதே டேட்டாபேஸில் போஸ்ட்ஜிஐஎஸ் எக்ஸ்டென்ஷனும் இருக்க வேண்டும், இல்லையென்றால் வடிவ நெடுவரிசை ஜியோமெட்ரியாக வராமல் வெறும் பைட்ஏ-வாக, அதாவது பைனரித் தரவாக வரும்.

அடுத்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லும் கிரியேட் சர்வர் கட்டளை. இதில் இரண்டு ஆப்ஷன்: டேட்டாசோர்ஸில் கோப்பின் முழுப் பாதை, ஃபார்மட்டில் 'ஈஎஸ்ஆர்ஐ ஷேப்ஃபைல்'. பெரும்பாலானோர் மாட்டுவது இங்கேதான். டெர்மினலில் ஜிடாலின் ஓஜிஆர்இன்ஃபோ கருவி கோப்பை அழகாகத் திறக்கும், போஸ்ட்கிரெஸோ டேட்டாசோர்ஸை இணைக்க முடியவில்லை என்று அடம்பிடிக்கும். காரணம் எளிது: கோப்பைத் திறப்பது நீங்கள் இல்லை, சர்வரில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பயனர். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாக்கும் பயனர்களின் ஹோம் ஃபோல்டருக்குள் மற்ற பயனர்கள் நுழையவே முடியாது, ஆகவே டவுன்லோட்ஸில் கிடக்கும் கோப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. இதற்காக 777 அனுமதி (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்கச் சொல்லும் ஆலோசனைகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். எஸ்ஆர்வி (/srv) மாதிரி பொது இடத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஷேப்ஃபைலோடு வரும் டிபிஎஃப், எஸ்எச்எக்ஸ், பிஆர்ஜே துணைக் கோப்புகளையும் சேர்த்து அங்கே நகர்த்தி, படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், போதும்.

சர்வர் அமைந்ததா? சரி, இனி கோப்பை ஃபாரின் டேபிளாக (வெளிக் கோப்பைக் காட்டும் டேபிளாக) மாற்றும் இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா கட்டளை. இது போஸ்ட்கிரெஸ் 9.5-இல் வந்த வசதி, நெடுவரிசைகளைக் கையால் தட்டச்சு செய்யும் வேலையே இல்லை. ஸ்கீமா பெயராக ஓஜிஆர்_ஆல் (ogr_all) கொடுத்தால் எல்லா லேயரும் வந்துவிடும். பப்ளிக் ஸ்கீமாவில் கொட்டாமல் தனி ஸ்கீமாவில் வைப்பதே என் விருப்பம்.

வேகம்தான் இதன் பலவீனம். ஃபாரின் டேபிளில் இன்டெக்ஸ் போட முடியாது. இடத்தை வைத்து டேபிள்களை இணைக்கும் கனமான ஸ்பேஷியல் ஜாயின் என்றால், முடிவைச் சேமித்துவைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ ஒன்று கட்டி அதில் ஜிஸ்ட் (GiST) என்ற வகை இன்டெக்ஸ் போடுங்கள். கோப்பு மாறும்போது ரெஃப்ரெஷ் ஒன்றே வேலை.

பின்சேர்க்கை: டேட்டாபேஸ் கிளவுடில், கோப்பு தன் லேப்டாப்பில் என்று வைத்துக்கொண்டு ஒருவர் வேலை செய்யவில்லை என்றார். செய்யாது, பாதை சர்வரின் டிஸ்க்கில் இருக்க வேண்டும். கோப்பு இணையத்தில் இருந்தால் முகவரிக்கு முன்னால் ஜிடாலின் விஎஸ்ஐகர்ல் (/vsicurl/) பாதையைச் சேர்த்து டேட்டாசோர்ஸில் கொடுக்கலாம், சர்வரிலிருந்து வெளி இணைப்புக்கு அனுமதி இருந்தால்.