குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: பாகங்களைத் தெரிவுசெய்யும் முறை

விலை விசாரிப்பதற்கு முன்னர், எந்தத் திரையில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையே போதுமெனில், செலவின் பெரும்பங்கைத் திரைக்காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கு ஒதுக்கி, 6 கருக்களும் (கணிப்புப் பிரிவுகள்) 12 இழைகளும் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்கள்) உடைய ரைசன் 5 5600 செயலியோடு (சி.பி.யூ.) நிறுத்திக்கொள்ளலாம். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாமையால், அட்டையைப் பின்னர் வாங்க எண்ணுவோர் 5600ஜி வகையை நாட வேண்டும். அவ்வகையில் கிராபிக்ஸும் கணினியின் பொது நினைவகமான றாமையே நம்பியிருப்பதால், 16 ஜி.பி. றாம் ஒன்றைத் தனியே பொருத்தாமல், 8 ஜி.பி. இரண்டை இணையாகப் பொருத்துவதே சிறந்தது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அதே விலைக்குள் விளையாட்டின் வேகம் கண்கூடாக மாறும்.

விளையாட்டுகளையும் கோப்புகளையும் சேமிக்க 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) தொடக்கத்தில் போதும்.

மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 132 வாற்று அளவில் மின்சாரம் எடுக்கும் ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் அட்டைக்கு, 80 பிளஸ் எனும் மின்திறன் சான்றுடைய 550 வாற்று வழங்கி தாராளம். தரமற்றது பழுதானால் ஏனைய பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும்.

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் வசிப்போர், உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும் என்பதை மனத்திற்கொண்டு, தூசுவடிகட்டியுள்ள கணினிப் பெட்டியை வாங்கி, கடலை நோக்கிய சாளரத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யூனிட்டி பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் விலை குறைவாகத் தோன்றினாலும், உத்தரவாதத்துக்காகப் பழுதான பாகத்தைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் பஸ் செலவையும் கூட்டிய பின்னரே திருகோணமலைக் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.