குடுவைத் தாவரத்துக்குப் பல் வரையாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நிறம் தீட்டும் புத்தகத்தில், பூச்சிகளைக் குடுவையில் விழவைத்து உண்ணும் குடுவைத் தாவரத்துக்குப் பல் முளைத்திருந்தது, மூடி வேறு ஈயைக் கவ்விக்கொண்டிருந்தது. நிஜத்தில் அந்த மூடி மூடாது. மழைநீர் நிரம்பாமல் காக்கிற குடை, அவ்வளவுதான். சரியாக வரைவது வீண்வேலை இல்லை. போர்னியோ தீவில் ஆங்கிலேய ஓவியர் மேரியான் நார்த் தீட்டிய படம்தான் ஒரு புதுக் குடுவைத் தாவர இனத்தைத் தேடவைத்தது, 1881இல் அதற்கு நெப்பந்தஸ் நார்தியானா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

முதலில் இலை. அதன் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு, பற்றுக்கம்பி போல வளைந்து தொங்கும், அதன் முனையில்தான் குடுவை நிமிர்ந்து நிற்கும். பனையில் கட்டிய பதநீர்க் கலயம் மாதிரி தண்டிலேயே ஒட்டிவிடாதீர்கள். அப்புறம் வாய் விளிம்பு. பூச்சி வழுக்குவதே அங்கேதான், அதனால் கூரான பென்சிலால் உள்நோக்கிச் சரியும் மெல்லிய வரிகளை நெருக்கமாக இழுத்து, மேலே ஒரு கீற்று வெள்ளையை விட்டால் ஈரப் பளபளப்பு தானே வந்துவிடும்.

நிறமா? மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானாவுக்குப் பச்சையில் செம்மை ஓடினால் போதும். இளம்பச்சை காய்ந்த பிறகே சிவப்பு. இங்கே ஐப்பசி, கார்த்திகைக் கடற்காற்றில் வாட்டர்கலர் லேசில் காயாது; பொறுமையில்லாமல் தொட்டு இரண்டு தாளைப் பழுப்பாக்கியிருக்கிறேன். அந்த மாதங்களில் கலர் பென்சிலே எடுங்கள்.