குழந்தைக் கட்டிலுக்குச் சொல்ல முதல் மெத்தையை வாங்குங்கள்

தெஹிவளையில் தளபாடக் கடையில் நிற்கத் தொடங்கிப் பதினாறு வருடம். போன சனிக்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள், பிள்ளை பிறக்க இன்னும் மூன்று வாரம். கட்டிலுக்கு மொறட்டுவையில் சொல்லிவிட்டார்களாம், மகோகனி, தலைமாட்டில் செதுக்கு வேலை எல்லாம். "மெத்தை?" என்றேன். "அது பிறகு பாப்பம் அண்ணா." என் மூத்தவளுக்குக் கட்டில் செய்வித்தபோது நானும் இதையேதான் சொன்னேன், அதுவும் இதே கடையில் வேலை செய்துகொண்டு.

கூரான விளிம்பு, ஆடும் கால் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

மெத்தையைப் பிறகு பார்ப்பது

"நாலடிக்கு ரெண்டடி" என்று தச்சு வேலை செய்யும் பாஸிடம் சொல்லிவிட்டு வந்தேன். நான் நினைத்தது உள்ளளவு, அவர் எடுத்தது வெளியளவு. காலும் சட்டமும் போக உள்ளே அகலம் 21 அங்குலம்தான். வாங்கப் பார்த்து வைத்திருந்த 24 அங்குல மெத்தை இறங்காது. கையில் காசு முடிந்த நேரம், மலிவாகக் கிடைத்த 18 அங்குல ஃபோம் மெத்தையைப் போட்டு, மிஞ்சிய மூன்று அங்குலத்துக்குத் துவாயைச் சுருட்டி அடைத்தோம். ஐந்தாம் மாதம் பிள்ளை புரளத் தொடங்கினாள். ஒரு விடியக்காலை மனைவி எழும்பிப் பார்த்தால் முகம் அந்த இடுக்கில், மூக்கு துவாயில். தூக்கியதும் வீரிட்டு அழுதாள், அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே அளவுக்கு வெட்டுவித்து இன்னொரு மெத்தை, ஆக இரண்டு மெத்தைக் காசு.

எனவே மெத்தையை முதலில் வாங்கி, பாஸிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். சுற்றிவர எந்தப் பக்கமும் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கடையில் மெத்தையை அமுக்கி "பஞ்சு மாதிரி இருக்கு" என்று பூரிக்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எரிச்சல் வரும், பிள்ளையின் முகம் புதையாத இறுக்கமான மெத்தைதான் வேண்டும், நல்ல தும்பு மெத்தை போதும். சனிக்கிழமை வந்தவர்கள் அங்கேயே நின்று பாஸுக்கு கோல் எடுத்தார்கள். பலகை வெட்டியாகிவிட்டதாம்.

கம்பிகளுக்கு நடுவே

6 சென்டிமீற்றருக்கு மேல் வேண்டாம். அளவுநாடா இல்லையென்றால் சோடா டின்னை நுழைத்துப் பாருங்கள். போனால் அந்தக் கட்டில் வேண்டாம், உடம்பு வெளியே வந்து தலை சிக்கும்.

வெளிநாட்டு மாமா அனுப்பிய கட்டில்

ஒரு பக்கத் தடுப்பு மட்டும் மேலே ஏறிக் கீழே இறங்குகிற மாதிரியா? அந்தப் பக்கம் கழன்று, இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் அதை விற்கவே தடை. மாமா கோபித்தால் கோபிக்கட்டும்.

தலையணை

ஒரு வயது வரை இல்லை. சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் இல்லை.

நுளம்பு வலை

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதனால் கொழும்பில் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். ஆனால் தளர்வாகத் தொங்கவிட்டால் பிள்ளை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். கட்டிலுக்கு வெளிப்பக்கமாக இழுத்துக் கட்டுங்கள், நாடா உள்ளே தொங்கக் கூடாது.

தளத்தை இறக்க மறப்பது

பிள்ளை உட்காரத் தொடங்கியதும் மெத்தை வைக்கும் தளத்தைக் கீழே இறக்குங்கள். எழும்பி நிற்கும்வரை பார்த்திருந்தால் அது வெளியே விழுந்துதான் உங்களுக்குச் சொல்லும்.

அடுக்குக் கட்டில்

ஆறு வயதுக்கு முதல் மேல்தட்டு வேண்டாம். வெள்ளவத்தையில் வீடு சின்னது, தெரியும். இருந்தாலும் வேண்டாம்.