மிக்-15 மாடல்: வால் தரையில் உட்காராமல் கட்டுவது எப்படி

மிக்-15 என்ற சோவியத் ஜெட் போர் விமானத்தின் 1:72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல், கட்டி முடித்தால் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அசலின் நீளம், இறக்கை அகலம் இரண்டுமே ஏறத்தாழ 10 மீட்டர். மாடலில் 14 செ.மீ. சின்ன கிட்தான். ஆனாலும் முதல்முறை கட்டுகிறவர்களில் பலருக்கு, கடைசியில் சக்கரம் ஒட்டி மேசையில் வைத்ததும் மூக்கு மேலே எழும்பி வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு உடலைப் பிரிக்க முடியாது.

காரணம் அசலின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1946-இல் பிரிட்டன் விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினைப் பார்த்து சோவியத் நாடு ஆர்டி-45 என்ற எஞ்சினைச் செய்தது. அந்தத் தடித்த எஞ்சின் உடலின் பின்பாதியில் உட்கார்ந்தது. இறக்கையும் 35 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்தது. அதனால் மாடலிலும் பிளாஸ்டிக் எடை பின்பக்கம்தான் அதிகம். 1947 டிசம்பர் 30-இல் பறந்த அந்த விமானத்தில் மூக்குக்கு அடியில் மூன்று பீரங்கிகள் இருந்தன. அவற்றில் 37 மி.மீ. பீரங்கி ஒன்றே 100 கிலோவுக்கு மேல். உங்கள் பிளாஸ்டிக் மூக்கிலோ ஒன்றுமில்லை. அந்தப் பீரங்கிகளின் எடையை நீங்கள்தான் ஈயமாக வைக்க வேண்டும்.

ஈயத்துக்கு அலைய வேண்டாம். கடலூர் முதுநகரிலோ புதுச்சேரியிலோ மீன்வலைச் சாமான் விற்கும் கடையில், வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு கிடைக்கும். சுத்தியலால் தட்டித் தகடாக்குங்கள்; வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூக்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக்குழாய் விமானி அறையின் இருபுறமும் பிரிந்து போவதால் இடம் குறைவு. கருவிப் பலகைக்கு முன்னால் மேல்பக்கமும் இருக்கைக்கு அடியிலும்தான் வைக்க முடியும்.

எவ்வளவு ஈயம்? கிட்டுக்குக் கிட்டு மாறும், அதனால் சோதித்துப் பாருங்கள். உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரல் நுனிகளால் தாங்குங்கள். மூக்கு தானாகச் சாயும்வரை ஈயம் சேர்த்து, அதற்கு மேலும் ஒரு துண்டு வையுங்கள்; இணைப்பை நிரப்பும் பட்டியும் பெயிண்டும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் எடை கூட்டும்.

ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டவே கூடாது. இந்த வெள்ளைப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். தூள் உப்பி, ஓரிரு வருடத்தில் உடலின் இணைப்பையே பிளந்துவிடும். நம் கடலோர ஈரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசைதான் சரி.

இறக்கையைத் தட்டையாக ஒட்டாதீர்கள். மிக்-15 இறக்கை 2 டிகிரி கீழ்நோக்கிச் சரியும். நுனி, வேரைவிட 2 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அட்டையில் அந்தச் சரிவை வெட்டி, பசை காயும்வரை முட்டுக் கொடுங்கள். இணைப்பில் பட்டி தடவி 400, 800, 1200 எமரி தாள்களால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது, இறக்கைக்கு இரண்டாக நிற்கும் தடுப்புத் தகடுகள் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய நிறத்தில் சின்னக் கீறலும் தெரியும். முதலில் சாம்பல் பிரைமர், பிறகு பளபளப்புக் கறுப்பு, அதன்மேல் மெல்லிய பூச்சாக அலுமினியம். லாக்கர் ஸ்ப்ரே அடித்தபின் வெள்ளைப் புகைபோல் படர்ந்தால், காயும் பெயிண்டின் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகக் காயும் தின்னரை லேசாக அடித்தால் பெரும்பாலும் மறையும். காலை 10 மணிக்கு மேல், கடற்காற்று உள்ளே வருவதற்குள் அடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம்.

விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிகால். உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்யும்.

பீரங்கிக் குழல்களை மருந்துக்கடையில் வாங்கிய புதிய ஊசியில் செய்யலாம். 37 மி.மீ. துளை 1:72-இல் அரை மி.மீ.; 21 எண் ஊசியின் உள்துளை அதேதான். 23 மி.மீ. பீரங்கிக்கு 23 எண் ஊசி பொருந்தும். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கும். அரத்தின் விளிம்பில் உருட்டி உருட்டி அறுங்கள். விமானி பார்வையில் பெரியது வலப்பக்கம், சிறியவை இரண்டும் இடப்பக்கம். இவற்றைக் கடைசியில் ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் கைபட்டு உடைந்துவிடும்.